தரங்கம்பாடியின் கடலோர மாளிகை

சோழமண்டலக் கரையிலே, காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி என்னும் சிற்றூரில் கடலுக்கு முகங்கொடுத்து நிற்கிறது ஒரு மாடிவீடு. அகன்ற விறாந்தை, வரிசையாகத் தூண்கள், கடற்காற்றுக்கென்றே திறந்து வைத்த யன்னல்கள். ஒரு பக்கத்தில் டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை; மறு பக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306ஆம் ஆண்டு எழுந்து, பின்னர் கடல் ஒரு பகுதியை விழுங்கிவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். பிரித்தானியக் கலெக்டர் வாழ்ந்த பங்களா என்று ஊரார் அறிந்திருந்த இம்மாளிகை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே செப்பனிடப்பட்டு, உல்லாசப் பிரயாணிகள் தங்கும் சிறு விடுதியாகியது. அறைகள் சிலவே. அவற்றுக்கு இலக்கங்கள் இல்லை. ஒரு காலத்தில் இக்கரைக்கு வந்துபோன டேனியக் கப்பல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள்.

இடிந்து மண்ணாகிப் போகவிருந்த ஒரு கட்டடத்தைக் காப்பாற்றியது நல்ல காரியம். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கப்பல்கள் எவற்றை ஏற்றிச்சென்றன என்பதை அறியாமலே அவற்றின் பெயர் தாங்கிய அறையில் ஒருவர் நிம்மதியாக உறங்கி எழுந்து போகலாம். கப்பல்களின் பெயரை மாத்திரம் கூறிச் சரக்கைக் கூறாது விடுவதும் ஒருவகைச் சரித்திரந்தான். பணம் கொடுப்போருக்கு உவப்பான சரித்திரம்.

டேனியரின் முதற் கப்பற்படை தரங்கம்பாடியை நாடிப் புறப்பட்டதன்று; அது புறப்பட்டது இலங்கைக்கு. கண்டியரசன் செனரதனின் தூதன் நான் என்று சொல்லிக்கொண்டு ஐரோப்பா சென்ற போஷூவர் என்னும் ஒல்லாந்தன், போர்த்துக்கேயரை விரட்ட உதவினால் இலங்கை வாணிபம் முழுவதும் உங்களுக்கே என்று டென்மார்க் மன்னன் நான்காம் கிறிஸ்தியானுக்கு ஆசை காட்டினான். 1618ஆம் ஆண்டின் இறுதியில் ஓவே கியெத்தே என்னும் இளம் பிரபுவின் தலைமையில் கப்பல்கள் கோப்பன்ஹேகனை விட்டுப் புறப்பட்டன. போஷூவர் வழியிலேயே மாண்டான். மாலுமிகளிற் பாதிக்கு மேற்பட்டோரும் மாண்டனர். 1620ஆம் ஆண்டில் எஞ்சியோர் இலங்கைக் கரையை அடைந்தபோது, தூதன் அளித்த வாக்குறுதிகளுக்குத் தான் கட்டுப்பட்டவனல்லன் என்று செனரதன் கையை விரித்துவிட்டான். திருகோணமலையில் ஒரு கோட்டைக்கு அடித்தளமிட எடுத்த முயற்சியும் கைகூடவில்லை.

முன்கூட்டியே அனுப்பப்பட்ட 'ஓரசுந்து' என்னும் கப்பலைப் போர்த்துக்கேயர் காரைக்காலுக்கு அண்மையில் மூழ்கடித்தனர். உயிர் தப்பியோருள் ஒருவனான ரோலண்ட் கிராப்பே தஞ்சை நாயக்க மன்னன் இரகுநாதனிடம் கொண்டுசெல்லப்பட்டான். நாகபட்டினத்திலே காலூன்றியிருந்த போர்த்துக்கேயருக்குப் போட்டியாக வேறொரு வெள்ளைக்கார வணிகன் இருப்பது தனக்கு நன்மையென்று இரகுநாதன் கருதியிருக்கவேண்டும். 1620 நவம்பரில் உடன்படிக்கை எழுதப்பட்டது. தரங்கம்பாடி ஆண்டுக் குத்தகைக்கு டேனியர் கைக்குப் போயிற்று. டென்மார்க் மன்னனுக்கு இரகுநாதன் பொற்றகட்டில் எழுதி அனுப்பிய தமிழ்க் கடிதம் கோப்பன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. நம்மவர் கவனிக்கவேண்டிய செய்தி இன்னொன்று: 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த பின், அவர்களை எதிர்த்துக் கிளர்ந்தோருக்குத் துணையாக வருணகுலத்தானின் தலைமையில் யாழ்ப்பாணத்துக்குப் படை அனுப்பியவனும் இதே இரகுநாதன்தான். ஒரு கையால் ஓர் ஐரோப்பியனை எதிர்த்துக்கொண்டு மறு கையால் இன்னொரு ஐரோப்பியனுக்குக் கடற்கரையை எழுதிக் கொடுத்தான்! அவன் காலத்து அரசருள் இதன் விளைவை அறிந்தவர் எவருமிலர்.

கம்பனி விரைவிலேயே நொடித்துப்போயிற்று. 1639இன் பின், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலேனும் புறப்படவில்லை. கோட்டையிலிருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராக மாண்டும் ஓடியும் போயினர். 1655இன் பின் எஞ்சியவன் எஸ்கில் கொங்ஸ்பாக்கே என்னும் எழுத்தறிவற்ற சாதாரண மனிதன். பிரபு குலத்தவனல்லன், எவரும் அவனைத் தலைவனாக அனுப்பவில்லை. உள்ளூர் மக்களைத் துணையாகக் கொண்டு, வங்கக் கடலிற் கப்பல்களைக் கொள்ளையிட்டு, அப்பணத்தில் நகரைச் சுற்றி மதிலெழுப்பி, நாயக்கரின் தாக்குதல்களையும் சமாளித்து, பதினான்கு ஆண்டுகள் டேனியக் கொடியை இறங்கவிடாது காத்தான். கொடி என்னவோ டென்மார்க்கினுடையதுதான். மதிற் கல் சுமந்த தோள்கள் யாருடையவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனிச் சரக்குக்கு வருவோம். மிளகும் துணியும் ஏற்றினார்கள் என்பது எல்லா நூல்களிலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சக் காலங்களிலே, சோறின்றித் தம்மையும் தம் மக்களையும் விற்ற ஏழைகளை அடிமைகளாக வாங்கிக் கடல் கடத்தியவருள் ஒல்லாந்தரோடு டேனியரும் இருந்தனர் என்பது அவ்வளவு உரத்துச் சொல்லப்படுவதில்லை. துணியின் கதையும் அப்படியே. நம் நெசவாளர் நெய்த பருத்தித் துணி ஆபிரிக்கக் கரையிலே மனிதரை விலைக்கு வாங்கும் பண்டமாயிற்று. டேனியருக்கு அங்கும் கோட்டைகள் இருந்தன. மேற்கிந்தியத் தீவுகளிலே கரும்புத் தோட்டங்களும் இருந்தன. அடிமை வாணிபத்தைத் தடைசெய்யும் கட்டளை 1792இல் பிறந்து 1803இலேதான் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிரத்தை நட்டவன் அதன் கனியைத் தானுண்ணான், பிறருக்கே கொடுப்பான்.

தரங்கம்பாடியில் இன்று கண்ணைக் கவரும் பெரிய வீடுகளுக்கு வேண்டிய செல்வம் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் மோதிக் கப்பல்களைப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. எத்தரப்பிலும் சேராத டேனியக் கொடியின் கீழ்ச் சரக்கு பத்திரமாகச் சென்றது. அதைவிடச் சுவையான செய்தி வேறுண்டு. பிரித்தானியக் கம்பனியின் உத்தியோகத்தர், நவாபுகளிடமும் குடியானவரிடமும் சுரண்டிய பணத்தைத் தம் கம்பனி அறியாமல் ஊருக்கனுப்ப வழி தேடினர். அப்பணத்தைச் சென்னையிலும் வங்காளத்திலும் டேனியரிடம் கொடுத்து, ஐரோப்பாவில் மாற்றிக்கொள்ளும் உண்டியல் பெற்றனர். டேனியர் அதே பணத்தை முதலாக வைத்துத் துணி வாங்கிக் கப்பலேற்றினர். திருட்டுப் பணம் தூய வாணிபமாகி வெளியே வந்தது. அக்காலத்துத் தூண்களின் வெண்மைக்கு இது பொருத்தமான விளக்கமன்றோ?

சீகன்பால்கையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1706இல் வந்திறங்கிய அப்பாதிரியார் தமிழ் கற்றார், அச்சுக்கூடம் நிறுவினார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். இவற்றை விடுதியின் விருந்தினரும் கேள்விப்படுவர். ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கிலே, கம்பனி ஊழியனொருவனுக்கு எதிராகப் பேசியமைக்காக 1708இல் அதே டான்ஸ்போர்க்கில் நான்கு மாதம் அவர் சிறையிடப்பட்டதை எத்தனைபேர் அறிவர்? கோட்டை யாருக்காகக் கட்டப்பட்டதென்பதை இச்சிறு சம்பவம் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது.

1808 முதல் 1815 வரை பிரித்தானியர் ஊரைப் பிடித்து வைத்திருந்ததோடு டேனிய வாணிபம் முறிந்தது. 1845இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் சேராம்பூரும் பிறவும் சேர்ந்து பன்னிரண்டரை இலட்சம் ரூபாவுக்குப் பிரித்தானியக் கம்பனிக்கு விற்கப்பட்டன. குடிமக்களிடம் எவரும் கேட்கவில்லை. தஞ்சை மாவட்டத்தின் தலைமையிடம் சில காலம், 1860 வரை, இங்கே இருந்தது. கலெக்டரின் பங்களா என்ற பெயர் அக்காலத்தின் மிச்சம். பின்னர் நாகபட்டினத்துக்கு இரயில் வந்தது; தரங்கம்பாடி உறங்கிற்று. பழைய கட்டடங்கள் தப்பியதும் அவ்வுறக்கத்தினாலேதான். வளர்ந்த ஊர்களில் இத்தகைய வீடுகளை இடித்துக் கடைகள் கட்டிவிடுவார்கள்.

மாளிகைக்கு அப்பால் மீனவர் குடியிருப்பு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது அன்றைய நாகபட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். தரங்கம்பாடி மீனவரும் அவர்களுள் அடங்குவர். 2005 மார்ச்சில் தமிழ்நாட்டு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வாழ்ந்தவர் அப்பால் சென்றால் புதுவீடு இலவசம். ஆனால் பழைய மனையை அரசுக்கு ஒப்படைக்கவேண்டும். இருந்த இடத்திலேயே இருப்பேன் என்பவர் இருக்கலாம். வீடு திருத்த ஒரு சதமும் கிடையாது. உயிர்ப் பாதுகாப்பே நோக்கம் என்றார்கள். அந்நோக்கத்தை ஐயுறுவதற்கில்லை. எனினும் வெறுமையாகும் அம்மணலில் நாளை யார் வந்து குந்துவாரோ என்று மீனவர் அஞ்சியது வீணான அச்சமன்று. நமது நாட்டிலும் அதே ஆண்டில் தெற்கு, மேற்குக் கரைகளில் 100 மீற்றர், வடக்கு, கிழக்கில் 200 மீற்றர் என்று எல்லை வகுத்தபோது, மீனவனின் குடிசைக்கு விதித்த தடையிலிருந்து உல்லாச விடுதிகளுக்கு விலக்களித்தார்கள். எதிர்ப்புக்குப் பின்னரே அவ்வெல்லை தளர்ந்தது.

பழைய கட்டடமாதலால் தரங்கம்பாடி மாளிகையை எந்த விதியும் அசைக்கவில்லை. அசைக்கவேண்டும் என்பதும் நமது வாதமன்று. கரையோர மீனவனுக்கு வீட்டு வாசல் தொழிற்கருவியின் ஒரு பகுதி. விடியுமுன் வாசலில் நின்று நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் காற்றின் திசையையும் பார்த்தே வலையை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்வான். கரையிலுள்ள வள்ளத்துக்கும் வலைக்கும் அங்கிருந்தே காவல். இடம்பெயர்ந்து புதுவீட்டுக்குப் போனவன் இருட்டிலே எழுந்து கரைவரை நடந்து வந்து அதே கடலைப் பார்க்கிறான். அவ்வேளையில் விடுதியின் மாடி விறாந்தையிலே, அன்றைய சூரியோதயத்துக்காகக் கதிரைகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.