டிஃபரென்ஷியல் மூடி

அச்சின் நடுவிலுள்ள ஹவுசிங்கில் கிரவுன் சக்கரமும் பினியனும் கியர் ஆயிலில் தோய்ந்து சுழல்கின்றன. அந்த ஹவுசிங்கை அடைக்கும், போல்ட் போட்ட தகடே இம்மூடி. 1947 முதல் மஹிந்திரா இந்தியாவில் பூட்டிய வில்லிஸ் ஜீப்பின் ஸ்பைசர் அச்சுகளில் இது கழற்றத்தக்கது. டானா 44 அச்சில் 10 போல்ட்டுகள். பான்ஜோ வகை அச்சில் பின்பக்கம் பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே மாற்று மூடிக்கு இடமில்லை. மாற்று மூடி வாங்குமுன் அச்சின் வகையைப் பார்ப்பது அவசியம்.

எந்த மூடி வேண்டும் என்பது ஓடும் பாதையைப் பொறுத்தது. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து மேற்கே தேனி வரை நல்ல தார்ச்சாலை. அதற்கு மெல்லிய அசல் தகடே போதும். போடிமெட்டு ஏறி, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் மட்டுமே ஏறும் கற்பாதையில்தான் கனத்த வார்ப்பிரும்பு மூடிக்கு வேலை. பாறையில் மோதி நசுங்கிய தகடு கிரவுன் பற்களை உரசும், ஆயில் ஒழுகும்.

கழற்றும்போது மேல் போல்ட் ஒன்றைத் தளர்வாக விட்டுவைத்து, கீழ்விளிம்பை நெம்பி ஆயிலை வடிக்க வேண்டும். சாம்பல்நிறக் குழம்பு இயல்பானது. உலோகச் சில்லுகள் பல் உடைந்ததற்கு அடையாளம். பழைய பேக்கிங்கை முழுக்கச் சுரண்டித் துடைத்து, புதிய பேக்கிங்கோ சிலிகோன் பசையோ இட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்க வேண்டும்.

பலர் தவறுவது ஆயில் அளவில். மாற்று மூடியின் நிரப்புத்துளை அசலைவிட உயரத்தில் இருந்தால், துளைவரை ஊற்றுவது மிகையாகி, பிரீதர் எனும் காற்றுப்போக்கி வழியே ஆயில் வெளியேறும். அசல் மட்டத்தை அளந்து வைத்துக்கொண்டே ஊற்றுங்கள்.