விளம்பரத்தில் தொடங்கிய வாழ்க்கை

மயிலாப்பூரிலிருந்து கதீட்ரல் சாலை வழியாக மேற்கே செல்வோர், அண்ணா சாலையை அடையுமிடத்தில் ஒரு மேம்பாலத்தைக் காண்பர். 1973-இல் திறக்கப்பட்ட அதற்கு அண்ணா மேம்பாலம் என்பது பெயர். மக்களோ ஜெமினி என்றே வழங்குகின்றனர். அருகே இருந்து மறைந்த படநிலையத்தின் பெயர் அது. அதனை நிறுவிய எஸ். எஸ். வாசன் அங்கு வந்து சேர்ந்த வழி நேர்வழியன்று.

திருத்துறைப்பூண்டியில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயுடன் சென்னைக்கு வந்தவர் அவர். பச்சையப்பன் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேகரிக்கும் தொழிலில் இறங்கினார்; தபால் மூலம் பொருள் விற்கும் வணிகமும் செய்தார். விளம்பரம் சேகரிப்பது அந்நாளில் பெருமைக்குரிய உத்தியோகமன்று. ஆயினும் அத்தொழில் ஒரு பாடத்தைக் கற்பிக்கும். வணிகர் காசு கொடுப்பது பத்திரிகையின் தமிழ் நடைக்காக அன்று. அதனைப் படிப்போரின் தொகைக்காக.

பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் தொடங்கிய ஆனந்த விகடன் விரைவில் தளர்ந்தது. 1928-இல் வாசன் அதனை விலைக்கு வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், எட்டெழுத்துக்கு 200 ரூபாய் என்று பேசி முடித்ததாகச் சொல்வர். (மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம், கணக்குச் சரியாகவே இருக்கிறது.) பின்னர்க் கல்கியின் எழுத்தும் மாலியின் சித்திரமும் வாசகரை ஈர்த்தன. பரிசுத் தொகையுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டியும் ஈர்த்தது. அது சூதாட்டத்துக்கு ஒப்பானது என்று கண்டித்தோர் உண்டு. கண்டனத்தில் நியாயமும் உண்டு. ஆனால் போட்டிக்காக வாங்கப்பட்ட இதழில் தொடர்கதையும் இருந்தது. அதுவரை கதை படித்தறியாத வீடுகளுக்குள்ளும் அது நுழைந்தது.

வாசனின் விளம்பர அறிவை நன்கு விளக்குவது தியாகபூமி. கே. சுப்பிரமணியம் அதனைப் படமாக எடுத்துக்கொண்டிருக்கும்போதே, கல்கி அதனை விகடனில் தொடராக எழுதினார். கதைக்குச் சித்திரம் வரையப்படவில்லை. படத்தின் காட்சிகளே புகைப்படங்களாக அச்சாயின. கதை படத்துக்கு விளம்பரம். படம் பத்திரிகைக்கு விளம்பரம்! 1939-இல் வெளிவந்த அப்படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடைசெய்தது. தடை வருமென்று அறிந்ததும் சென்னை கெயிட்டி அரங்கில் இலவசமாகக் காட்டினர். கூட்டம் அலைமோத, போலீசார் தடியடி நடத்தினர். அந்தக் கூட்டத்தை எந்த விளம்பரமும் சேர்த்திருக்க முடியாது. நாட்டு மக்களின் விடுதலை வேட்கை சேர்த்த கூட்டம் அது.

1940-களின் தொடக்கத்தில், தீ விபத்துக்குள்ளாகி ஏலத்துக்கு வந்த ஒரு படநிலையத்தை வாசன் வாங்கினார். அதுவே ஜெமினி ஆயிற்று. இரட்டைச் சிறுவர் கொம்பூதும் அதன் சின்னத்தை, எழுத்தறியாதாரும் அடையாளம் கண்டுகொண்டனர். 1948-இல் வந்த சந்திரலேகாவுக்கு ஏறத்தாழ 30 லட்ச ரூபாய் செலவாயிற்று. அந்நாளில் அது மலைக்கத்தக்க தொகை. தமிழ்நாட்டு வசூல் மட்டும் அதனை ஈடுசெய்யவில்லை என்பர். வாசன் பின்வாங்கவில்லை, அவ்வாண்டிலேயே இந்தியிலும் அதனை வெளியிட்டு, வடநாட்டு நகரங்களில் பெருஞ்செலவில் விளம்பரம் செய்து வென்றார். பெரிய முரசுகளின் மீது ஆடும் நடனம் நாடெங்கும் பேசப்பட்டது. சென்னைப் படங்களுக்கு வடக்கே சந்தை திறந்தது அவ்வாறுதான். விளம்பரத்தால் மட்டும் அது நிகழவில்லை. சொன்னதற்குத் தக்க பொருள் திரையில் இருந்தது.

1964-இல் அவர் மாநிலங்களவை உறுப்பினரானார். 1969-இல் பத்மபூஷண் விருது பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டில் காலமானார்.

அவருடைய படநிலையத்தில், பத்திரிகைச் செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்க்கும் வேலையில் ஓர் இளைஞர் இருந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றிவிட்டு விலகி, முழுநேர எழுத்தாளரான அவர்தாம் அசோகமித்திரன்.