போர் வானூர்தியின் தகட்டு வேலை: பழுதுபார்ப்பில் வளர்ந்த ஒரு தொழில்

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிக்குக் கீழே, அதே ஆற்றங்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் இரும்பு ஆயுதங்களும் வெண்கலக் கலங்களும் பொற்பட்டங்களும் கிடைத்தமையால், இப்பள்ளத்தாக்கின் உலோகத் தொழில் எவ்வளவு பழமையானது என்பது தெளிவாயிற்று. அந்தப் பழந்தொழில் உலைத்தீயை நம்பி வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய வானூர்தித் தகட்டு வேலையோ தீயை எங்கே விலக்க வேண்டும் என்னும் அறிவையும் கேட்டது. இந்தியாவில் அவ்வறிவு பெரும்பாலும் பழுதுபார்க்கும் கொட்டகைகளிலேயே வளர்ந்தது என்பதற்கு வானூர்தி வரலாறுகள் உரிய இடம் தரவில்லை.

தொடக்ககால வானூர்திகளின் உடற்கூடு மரத்தாலும் துணியாலும் ஆனது. பின்னர் எஃகுக் குழாய்களை ஆக்சிஜன்-அசெட்டிலீன் சுடரால் பற்றவைத்துச் சட்டம் அமைக்கும் முறை வந்தபோது வெல்டர் வானூர்திப் பட்டறைக்குள் நுழைந்தார். ஆயினும் 1906இல் ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் கண்டறிந்த துராலுமின், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு செம்பு கலந்த அலுமினியம், நிலைமையை மாற்றியது. சூடாக்கி நீரில் தோய்த்தபின் நாட்பட உறுதி பெறும் இவ்வுலோகம், சுடர் பட்ட இடத்தில் அவ்வுறுதியை இழந்து விரிசல் காண்பதால், தகடுகளைத் தறையாணிகளால், அதாவது ரிவெட்டுகளால், இணைப்பதே வழியாயிற்று. அந்த ரிவெட்டுகளிலும் சிலவகை, சூடாக்கித் தோய்த்த சிறிது நேரத்துக்கே இளக்கமாக இருப்பதால், அடிக்கும் வேளை வரும்வரை குளிர்பெட்டியில் வைக்கப்பட்டன.

பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் நிறுவிய இந்துஸ்தான் ஏர்கிராப்ட் லிமிடெட், வானூர்தி உற்பத்திக்கென்றே தொடங்கப்பட்டது. ஆனால் போர் நெருக்கடியில் 1943இல் அது அமெரிக்க வான்படையின் பொறுப்புக்கு மாறி, டகோட்டா, காட்டலினா முதலிய வானூர்திகளைச் செப்பனிடும் பெருங்கூடமாயிற்று. அதே காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை கோயம்புத்தூரில் 'கருடா' என்ற பெயரில் வானூர்திப் பழுதுபார்ப்பு நிலையம் நடத்தியது. சீவலப்பேரிக்கு வடக்கே கயத்தாற்றிலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று அமைந்தது. போருக்குப்பின் பெங்களூர்த் தொழிற்சாலை இரயில் பெட்டிகளையும் கட்டியது. தகடு அறிந்த கைகளுக்கு வேலை தொடர்ந்து கிடைக்க அது உதவியது.

அத்தொழிலாளர்களின் பெரிய சாதனை 1948இல் நிகழ்ந்தது. பிரிட்டிஷார் கான்பூரில், மீண்டும் பறக்கக் கூடாதெனச் சேதப்படுத்தி விட்டுச்சென்ற 'லிபரேட்டர்' குண்டுவீச்சு வானூர்திகளை, அந்நிறுவனத்தின் விமானி ஜம்ஷெட் முன்ஷி ஓரளவு செப்பனிட்ட நிலையிலேயே பெங்களூருக்கு ஓட்டிவர, அங்கே அவை முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் வான்படையின் 5ஆவது படைப்பிரிவு அவற்றைப் பெற்றது. இவ்வகை 1968 வரை சேவையில் இருந்தது. புதிய நாடு ஒன்று கழிக்கப்பட்ட உலோகத்திலிருந்து தன் கனரகக் குண்டுவீச்சுப் படையை எழுப்பிய இந்நிகழ்ச்சியில் விமானியின் துணிவு போற்றப்படும் அளவுக்குத் தகட்டுத் தொழிலாளியின் கைத்திறனும் போற்றப்பட வேண்டும்.

அக்கைத்திறன் நுணுக்கமானது. தகட்டில் விரிசல் கண்டால் அதன் நுனியில் சிறு துளையிட்டு, விரிசல் மேலே ஓடாமல் முதலில் நிறுத்துவர். பின் ஒட்டுத்தகடு வெட்டி, அதன் விளிம்பிலிருந்து ரிவெட்டின் விட்டத்தைப் போல் இருமடங்காவது தள்ளித் துளைகளை அமைப்பர். ஒருவர் காற்றுச் சுத்தியலால் அடிக்க, மற்றவர் மறுபுறம் கனத்த இரும்புக் கட்டையைத் தாங்கிப் பிடிப்பார். தாங்குபவர் கண நேரம் தளர்ந்தாலும் ரிவெட்டின் தலை கோணும். சாதாரண பென்சிலால் அலுமினியத்தில் கோடு போடுவதும் விலக்கப்பட்டது. அதிலுள்ள கிராஃபைட் ஈரம் பட்டால் உலோகத்தை அரிக்கும்.

வெல்டரின் இடம் இதனால் குறைந்துவிடவில்லை. 1961இல் முதன்முதலாகப் பறந்த 'மாருத்' போன்ற தாரை வானூர்திகளில், எஞ்சினின் எரியறையும் வெப்பக் குழாயும் நிக்கல் கலவைத் தகடுகளால் ஆனவை. அவற்றை இணைக்க, டங்ஸ்டன் முனையில் எழும் மின்வில்லைச் சுற்றி ஆர்கான் வாயுவைப் பாய்ச்சிக் காற்றை விலக்கும் ஆர்கான் வெல்டிங் தேவைப்பட்டது. திருநெல்வேலிப் பேட்டை அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் வெல்டர் பாடம் முடித்த இளைஞர், 1961ஆம் ஆண்டின் தொழில்பழகுநர் சட்டத்தின் வழியே இத்தகைய வெல்டிங் நடக்கும் தொழிற்சாலைகளுக்குள் செல்ல இயன்றது. வான்படைக்குள்ளேயே தாம்பரத்தின் இயந்திரப் பயிற்சி நிலையம் வீரர்களைப் பழக்கியது. சூலூரில் உள்ள 5ஆவது தளப் பழுதுபார்ப்பு நிலையம் பணிமனையாயிற்று.

அதே சூலூருக்கு 2018இல் வந்த 'தேஜஸ்' வானூர்தியின் மேற்பரப்பில் பெரும்பகுதி கரிம இழைக் கலவையால் ஆனது. அதில் விரிசலுக்குத் துளையிட்டு ஒட்டுத்தகடு அடிக்கும் பழைய முறையை அப்படியே கையாள முடியாது. பிசினும் இழைத்துணியும் கொண்டு அடுக்கி வெப்பத்தில் இறுக்க வேண்டும். எஞ்சினின் வெப்பப் பகுதிகளும் குழாய்களும் தாங்குசட்டங்களும் உலோகமாகவே இருப்பதால், அங்கே வெல்டரின் வேலை இன்றும் தொடர்கிறது.