நிற்பது யார், தேர்ந்தெடுப்பது யார்?

கிளியனூர் அடங்கிய வானூர் சட்டமன்றத் தொகுதி தனித் தொகுதி. 2009 தேர்தலிலிருந்து விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியும் தனிதான். "ரெண்டும் உங்களுக்குத்தானே குடுத்திருக்கு, இன்னும் என்னா கொறை?" என்று டீக்கடையில் கேட்கிறார்கள். சேரிக் கிழவி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "நிக்கிறது நம்ம புள்ளதான். ஆனா ஓட்டு கேக்க மொதல்ல ஊருக்குள்ளதான போவுது?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு வயது தொண்ணூறுக்கு மேல்.

வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடியதன் பலனாக 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்ப்பு வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு இரட்டை வாக்கு. ஒன்றால் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். இன்னொன்றைப் பொதுத் தொகுதியில் போடலாம். இதை எதிர்த்து செப்டம்பர் 20-இல் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாண சட்டசபைகளில் 71 இடம் 148 ஆயிற்று. சென்னை மாகாணத்தில் 18 இடம் 30 ஆயிற்று. இடம் கூடியது, தேர்ந்தெடுக்கும் உரிமை போனது. நாலு பேரை நாம் முதலில் பொறுக்கித் தரலாம், அவர்களில் ஒருவரை எல்லோரும் தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள். அந்த முதல்கட்டத் தேர்தலுக்கும் ஆயுள் பத்தாண்டுதான். 1950 அரசியல் சட்டத்தில் அதுவும் இல்லை.

இன்று தனித் தொகுதியில் வேட்பாளரைக் கட்சித் தலைமை தீர்மானிக்கிறது. வெற்றியை ஊர் ஓட்டு தீர்மானிக்கிறது. சேரிக்காக வாய் திறப்பவர்கள் இல்லாமல் இல்லை. அது அவரவர் துணிச்சல். சட்டம் தந்த பலம் அல்ல. அம்பேத்கரே 1952-இல் வடக்கு பம்பாயிலும் 1954-இல் பண்டாராவிலும் தோற்றார்.

ஊராட்சியில் நடந்தது இன்னும் கொடுமை. 1996-இல் தனியாக்கப்பட்ட மேலவளவில் தலைவரான முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலை முறையாக நடக்க விடவில்லை. ஓட்டு எண்ணிக்கை ஜனநாயகம் என்றால், ஊர் ஒப்பாத முடிவு மட்டும் எப்படிச் செல்லாமல் போகிறது?

தனி வாக்காளர் தொகுதி சமூகத்தைப் பிரித்துவிடும் என்றார்கள். அதற்கு முன்பு ஊரும் சேரியும் ஒன்றாகவா இருந்தன?

இருக்கிற இட ஒதுக்கீட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. 1932-இல் ஒப்புக்கொண்ட அந்த முதல்கட்டத் தேர்தலையாவது திரும்பக் கேட்போம். வேட்பாளர் யார் என்பதைச் சேரி முடிவு செய்யட்டும். அப்போது நம்ம புள்ள மொதல்ல கிழவியின் வாசலுக்கு வரும்.