கொக்கலையிலிருந்து பறந்த கட்டலினாவும் எங்களுக்குக் கிடைத்த பொருந்தாத பெட்டியும்



கட்டாரில் தொழில் செய்யும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்து தந்தார். உள்ளே கட்டலினா என்ற கடல் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி, துண்டு துண்டாக. பாடசாலை வரலாற்று மன்றத்தில் நாங்கள் ஆறு பேர். இரண்டு கிழமையில் ஒட்டி முடித்து, 1942 ஐப் பற்றிப் படிப்பிக்கும்போது வகுப்பில் காட்டலாம் என்று நினைத்தோம். இரண்டு மாதம் எடுத்தது. காரணம் ஒன்றுதான்: எந்தத் துண்டும் மற்றத் துண்டோடு பொருந்தவில்லை.

முதலில், ஏன் கட்டலினா என்று சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, காலிக்குக் கிழக்கே உள்ள கொக்கலை வாவியிலிருந்து கனேடிய விமானப்படையின் 413 ஆம் அணியைச் சேர்ந்த ஒரு கட்டலினா கிளம்பியது. ஓட்டியவர் லெனர்ட் பேர்ச்சல். அவருடைய அணி ஸ்கொட்லாந்தின் வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து அப்போதுதான் இங்கே அனுப்பப்பட்டிருந்தது. அன்று பின்னேரம், இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில், 5 விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையை அவர்கள் கண்டார்கள். கொழும்புக்கு வானொலியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் சுட்டு வீழ்த்தின. 9 பேரில் 3 பேர் இறந்தார்கள். மற்ற 6 பேரும் யுத்தம் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதிகள்.

அந்த விமானத்தின் இறக்கை நீளம் சுமார் 31.7 மீற்றர். எங்களுடைய மாதிரி 72 இல் ஒரு பங்கு, அதாவது 44 சென்றிமீற்றர். ஆறடி மனிதன் ஓர் அங்குலமாக வரும் அளவு இது. 1936 இல் பிரித்தானியாவின் ஃப்ரொக் நிறுவனம் பிளாஸ்டிக் விமானத் தொகுதிகளை விற்கத் தொடங்கியபோதும் இந்த அளவையே எடுத்தது. இன்றும் உலகம் முழுக்க இந்த அளவு வழக்கில் உள்ளது.

சரி, ஏன் பொருந்தவில்லை? உருகிய பிளாஸ்டிக்கை உருக்கு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி, ஆறியதும் எடுப்பார்கள். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கும். தடித்த இடத்தில் குழி விழும். சூடு தணிய முதலே எடுத்தால் வளையும். அச்சு பழசாகித் தேய்ந்தால், இரண்டு பாதிக்கும் இடையில் பிளாஸ்டிக் கசிந்து ஓரத்தில் மெல்லிய செதிளாக நிற்கும். ஓர் அச்சுச் செய்வதற்குப் பெரும் செலவு என்பதால் அதைப் பத்துக்கணக்கான வருடங்கள் பாவிப்பார்கள். அச்சு கைமாறுவதும் உண்டு. ஃப்ரொக் 1970களில் மூடப்பட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் நாட்டுக்குப் போனது. ஜேர்மனிய, ஜப்பானிய விமானங்களின் அச்சுகளை மட்டும் அவர்கள் எடுக்கவில்லை. அவை வேறு நிறுவனத்துக்குப் போயின. இப்படி, பெட்டியும் படமும் புதிதாக இருக்கும், உள்ளே இருக்கும் அச்சின் வயது நமக்கு வாப்பா முறையாக இருக்கும்.

எங்களுக்குக் கிடைத்தது அப்படியொன்று. விமானத்தின் உடல் இரண்டு பாதி. ஒரு பாதி வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. முதல் நாள் அவசரப்பட்டு, கடையில் விற்கும் உடனே ஒட்டும் பசையைப் பூசி அமுக்கிப் பிடித்தோம். மூக்கு சேர்ந்தது, வால் விலகியது. உரித்தெடுக்கும்போது ஓரம் உடைந்தது. அதற்குப் பிறகுதான் முறையைத் தேடிப் படித்தோம். பசையைத் தொட முதல் எல்லாத் துண்டையும் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். செதிளைப் பிளேட்டால் சீவ வேண்டும். வளைந்ததைச் சுடுதண்ணீரில் காட்டி மெதுவாக நிமிர்த்த வேண்டும். இந்த வேலைக்கென்றே உள்ள பசை பிளாஸ்டிக்கை இலேசாகக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கும். அதை ஒரேயடியாகப் பூசாமல், மூக்கிலிருந்து ஓர் அங்குலம் ஒட்டி, காயவிட்டு, அடுத்த அங்குலத்துக்குப் போக வேண்டும்.

இறக்கை இன்னும் கஷ்டம். கட்டலினாவின் இறக்கை உடலில் ஒட்டி இருக்காது. ஒரு தூணின் மேல் நிற்கும், பக்கத்துக்கு இரண்டு கம்புகள் தாங்கும். பெட்டியில் வந்த கம்புகளில் ஒன்று கட்டை. கம்பை முதலில் ஒட்டினால் இறக்கை சரியும். கடைசியில் இரண்டு பக்கமும் தரம் 10 வரலாற்றுப் புத்தகங்களைச் சம உயரத்துக்கு அடுக்கி, அதன்மேல் இறக்கையை வைத்து, இரண்டு நாள் காயவிட்டோம். பிறகுதான் கம்புகளை அளந்து, கட்டையானதற்கு ஒரு துண்டு கூட்டி ஒட்டினோம். மிஞ்சிய வெடிப்புகளைப் பட்டி வைத்து அடைத்தோம். பட்டி காயும்போது சுருங்கும். மெல்லிசாக மூன்று நான்கு தடவை வைத்து ஒவ்வொரு முறையும் அரத்தாளால் தேய்க்க வேண்டும்.

அதற்குப் பிறகு, பிளாஸ்டிக் செய்த பிழையை விடப் பெரிய பொருத்தமின்மை ஒன்றைக் கண்டோம். பெட்டியில் இருந்தது நிலத்திலும் இறங்கக்கூடிய பிந்திய வகைக் கட்டலினா. அதற்குச் சில்லுகள் உண்டு. பேர்ச்சல் ஓட்டியது தண்ணீரில் மட்டும் இறங்கும் முந்திய வகை. கரைக்கு இழுக்கும்போது மட்டும் தனியாகச் சில்லு பூட்டுவார்கள். உண்மையாகச் செய்வதென்றால் சில்லு இருக்கும் குழிகளை அடைத்து மட்டமாக்க வேண்டும். இன்னும் ஒரு கிழமை வேலை.

ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், சில்லோடயே வைப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

நியாயமான கேள்வி. அவனுக்கு நாங்கள் ஒரு கதை சொன்னோம். 1942 இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பாடசாலை மாணவர்களிடம் 500,000 மாதிரி விமானங்களைக் கேட்டது. 50 வகை, வகைக்கு 10,000. இதே 72 இல் ஒரு பங்கு அளவில், மரத்தில். விளையாட்டுக்கு இல்லை. கப்பலில் பீரங்கிக்குப் பின்னால் நிற்பவன், தூரத்தில் வரும் விமானம் தன்னுடையதா எதிரியுடையதா என்று உருவத்தைப் பார்த்து அடையாளம் காணப் பழகுவதற்கு. அளவு பிசகிய மாதிரியைப் பார்த்துப் பழகியவன் தன் ஆளையே சுட்டு விடுவான். ஆகவே பிள்ளைகள் செய்தாலும் அளவு சரியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பட்டியோடு வந்தான்.

குழிகளை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கிழமைதான் 1942 இன் கதையையும் துண்டு துண்டாக வைத்துப் பார்த்தோம். நமக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை அழகானது: ஒரு விமானம் எதிரியைக் கண்டது, செய்தி சொன்னது, இலங்கை தப்பியது. பேர்ச்சலுக்கு "இலங்கையின் மீட்பர்" என்ற பட்டமும் உண்டு. அவருடைய தைரியத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மற்றத் துண்டுகளையும் வைத்துப் பாருங்கள்.

ஜப்பானியர் ஏப்ரல் தொடக்கத்தில் வருவார்கள் என்ற உளவுத் தகவல் பிரித்தானியரிடம் முன்பே இருந்தது. செய்தி கிடைத்தும், ஏப்ரல் 5 ஞாயிறு காலை இரத்மலானையில் இருந்த ஹரிகேன் விமானங்கள் கிளம்ப முதலே ஜப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன. சீனக்குடாவிலிருந்து வந்துகொண்டிருந்த 6 சுவோட்ஃபிஷ் விமானங்கள் ஆறும் விழுந்தன. எச்சரிக்கைக்குப் பிறகு இரவோடு இரவாகக் கொழும்பை விட்டுப் போன கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் இறந்தார்கள். கொழும்பில் 20 க்கும் மேற்பட்ட எதிரி விமானங்களை வீழ்த்தியதாகப் பிரித்தானியர் அறிவித்தார்கள். ஜப்பானியப் பதிவின்படி அவர்கள் அங்கே இழந்தது 7. நான்கு நாள் கழித்து நமது மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் ஒரு விமானந்தாங்கிக் கப்பல். அன்று அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. 307 பேர் இறந்தார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் அழகான கதை வெடிக்கிறது. அந்த வெடிப்பை மூட அவசரப்படக்கூடாது என்பதுதான் நாங்கள் படித்தது. அளந்து பார்த்து, ஆதாரத்தோடு அடைக்கக்கூடியதை அடைக்கலாம். சில்லுக் குழிகளை அடைத்தது அப்படித்தான். ஆதாரமில்லாமல் மூடினால், மேலே நிறம் பூசிய பிறகு பிழை எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம் என்றால், "ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்" என்று கரும்பலகையில் எழுதியவுடன் வகுப்பு அமைதியாகிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு அது 1942 இல்லை. 2019 ஏப்ரல் 21. அன்று 260 க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மூன்று கிழமை கழித்து வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் எதிலும் சம்பந்தப்படாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. செய்தவன் யார், பக்கத்து வீட்டுக்காரன் யார் என்று பிரித்தறியாமல், பிழையான மாதிரியைப் பார்த்துப் பழகிய கண் செய்த வேலை அது. அதே நேரம், நம்மில் எத்தனை பேர் தெரியாத இடங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த கதைகளால் அடைத்து, ஆறுதல் பட்டுக்கொண்டோம் என்பதையும் யோசிக்க வேண்டும். நம்மைப் பற்றிய பொய் நமக்கு வலிக்கிறது என்றால், நமக்குச் சாதகமான பொய்யையும் நாம் கைவிட வேண்டும்.

கட்டலினா இப்போது பாடசாலை நூலகத்தில் இருக்கிறது. சில்லு இல்லை. இடது இறக்கைக்குக் கீழே ஒரு வெடிப்பு இன்னும் தெரிகிறது. அதை அப்படியே விடும்படி பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். 1942 ஐக் கண்ட மூத்தவர்கள் நம் ஊர்களில் இனி மிகச் சிலர்தான். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், அவர் சொல்வதைத் திருத்தாமல், கூட்டாமல், அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். எங்கே நின்று கண்டார், யாரிடம் கேட்டார் என்பதையும் எழுதுங்கள். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு பொருந்தாவிட்டால் பரவாயில்லை. இரண்டையும் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள்.