ரோச்ஃபோர்ட் முற்றத்து வெயில்

இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1950களில் அங்கிருந்த பொது மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று ஒரு தனிப்பிரிவு இயங்கியது. அதன் பொறுப்பாளர் ஜீன் வார்ட். அங்கே ‘சிஸ்டர்’ என்பது ஒரு பதவி. ஒரு வார்டை முழுதாக நடத்துகிற மூத்த செவிலியரை அப்படி அழைப்பார்கள். நாம் எந்த நர்ஸைப் பார்த்தாலும் “சிஸ்டர்” என்கிறோமே, அந்தப் பழக்கத்தின் ஒரு வேர் அங்கேதான் இருக்கிறது.

சிஸ்டர் வார்டுக்கு அந்த வேலை கிடைத்த காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. நாய்க்குட்டிகளை வளர்த்தெடுப்பதில் அவர் கெட்டிக்காரர். உள்ளங்கையில் அடங்குகிற ஓர் உயிரை எப்படிப் பிழைக்கவைப்பது என்று தெரிந்தவர். இன்குபேட்டர்களின் புழுக்கத்தைவிடக் காற்றும் வெயிலும் குழந்தைகளுக்கு நல்லது என்பது அவர் நம்பிக்கை. கோடையில் நல்ல வெயிலடிக்கும் நாட்களில் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

1956 கோடையில் அப்படியொரு ரவுண்ட்ஸின்போது, டாக்டர் டாப்ஸ் என்ற மூத்த குழந்தை மருத்துவரிடம் ஒரு குழந்தையைத் தயக்கத்தோடு காட்டினார். துணியை விலக்கினால், உடம்பு வெளிறியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் முக்கோண வடிவில் அழுத்தமான மஞ்சள். அளவெடுத்து வரைந்ததுபோல விளிம்பு. என்ன மருந்தைப் பூசினீர்கள், அயோடினா என்று டாக்டர் கேட்டார். வெயிலாக இருக்கும் என்றார் சிஸ்டர். வெயிலில் தோல் கறுக்க நாளாகுமே என்றார் டாக்டர். சிஸ்டருக்குச் சங்கடம் கூடிக்கொண்டே போனது. அந்த முக்கோணத்தின் மேல் போர்வையின் ஒரு முனை கிடந்தது, அந்த இடம் மாறவில்லை, மீதி உடம்புதான் வெளுத்துப்போயிருக்கிறது என்று விளக்கினார்.

அவ்வளவுதான். யாரும் அதை அதற்குமேல் கிளறவில்லை. குழந்தை தேறி வீட்டுக்குப் போனது. முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதும் தொடர்ந்தது.

அந்த முக்கோணம் ஏன் முக்கியம் என்று புரிய, மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நம் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உருவாகிறது. அது தண்ணீரில் கரையாது. கல்லீரல்தான் அதைக் கரையும்படி மாற்றிப் பித்தத்தின் வழியாக வெளியே அனுப்பவேண்டும். பிறந்த குழந்தையின் உடம்பில் சிவப்பணுக்கள் அதிகம், அவை சீக்கிரமே உடையவும் செய்யும். கல்லீரலோ இன்னும் வேலைக்குப் பழகவில்லை. அதனால் முதல் வாரத்தில், நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கும் குறைமாதக் குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் அது தானாகவே இறங்கிவிடும். சிலருக்குத்தான் அளவு மீறிப்போகும். அப்படி மீறினால் பிலிருபின் மூளைக்குள் புகுந்து படியும். பிழைத்த குழந்தைகளுக்குக் காது கேட்காமல் போகலாம், கை கால்கள் வாழ்நாள் முழுக்கச் சொன்னபடி கேட்காமல் போகலாம். இந்தப் பாதிப்பின் பெயர் கெர்னிக்டெரஸ்.

1956இல் இதற்கு இருந்த முக்கியமான மருத்துவம் ரத்தமாற்று. தொப்புள் ரத்தக்குழாயில் மெல்லிய குழாயைச் செருகி, குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுப்பது, அதே அளவு வேறொருவர் ரத்தத்தைச் செலுத்துவது. இப்படி மணிக்கணக்கில் செய்யவேண்டும். உயிர் காக்கும் சிகிச்சைதான், ஆனால் அதுவே உயிரையும் எடுக்கக்கூடும். கிலோ கணக்குக்கே எட்டாத குழந்தைக்கு இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட காலத்தில்தான், ஒரு போர்வை முனைக்கு வெளியே இருந்த மஞ்சள் முழுக்க வெயிலில் போய்விட்டது என்று ஒருவர் சொல்கிறார்.

சில வாரம் கழித்து அதே மருத்துவமனையின் ஆய்வகத்தில் இன்னொன்று நடந்தது. மஞ்சள் அதிகமான ஒரு குழந்தையின் ரத்த மாதிரியைப் பரிசோதித்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவான அளவு வந்தது. புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு அதிகம். விசாரித்ததில், முதல் குழாய் ஜன்னல் விளிம்பில் சில மணி நேரம் வெயிலில் கிடந்திருக்கிறது. டாப்ஸின் கீழ் வேலை பார்த்த இளம் மருத்துவர் ரிச்சர்ட் க்ரீமருக்கு இங்கேதான் முற்றத்து முக்கோணமும் ஜன்னல் குழாயும் ஒன்றுசேர்ந்தன. உயிர்வேதியியலாளர் பெரிமேனோடு சேர்ந்து சோதனையில் இறங்கினார். முதலில் குழந்தைகளை வெயிலில் கிடத்தி, முன்னும் பின்னும் ரத்தத்தில் அளந்தார்கள். அளவு இறங்கியது. ஆனால் இங்கிலாந்து வெயிலை நம்பி ஒரு மருத்துவத்தை நடத்த முடியுமா? எனவே நீலக் குழல்விளக்குகளைத் தொட்டிலுக்கு மேல் வளைவாகப் பொருத்தி ஒரு கருவி செய்தார்கள். 1958இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. ஆசிரியர்கள் மூவர்: க்ரீமர், பெரிமேன், ரிச்சர்ட்ஸ்.

ஜீன் வார்டின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. முக்கோணத்தின் கதை இவ்வளவு விவரமாக நமக்குக் கிடைப்பது, டாப்ஸும் க்ரீமரும் 1975இல் எழுதிய ஒரு நினைவுக் குறிப்பால். அவர்கள் அதை நேர்மையாகவே எழுதியிருக்கிறார்கள். அன்றைய ரவுண்ட்ஸில் தாங்கள் எதையும் புரிந்துகொள்ளவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

ஒளி என்ன செய்கிறது என்பது பின்னால்தான் தெளிவானது. சுமார் 460 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி தோலின் வழியே போய் பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தையே திருப்பிவிடுகிறது. வடிவம் மாறியதும் அது தண்ணீரில் கரையும். கல்லீரல் மாற்றித்தரக் காத்திருக்காமல் பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும். கல்லீரல் பழகும்வரை அதன் வேலையில் ஒரு பகுதியைத் தோலின் மேல் விழும் வெளிச்சம் செய்துகொடுக்கிறது.

கட்டுரை வந்த பிறகு தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் சில நாடுகளிலும் மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அமெரிக்கா பத்து வருஷம் கண்டுகொள்ளவில்லை. 1968இல் வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜெரால்ட் லூசியும் சக ஆய்வாளர்களும் குறைமாதக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆய்வு நடத்தி, பலன் உண்டு என்று காட்டினார்கள். அதன் பிறகுதான் அங்கே நீல விளக்குகள் பரவின.

இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் அக்கா மகன் பிறந்த இரண்டாம் நாள், டிஸ்சார்ஜ் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் குழந்தையைத் தூக்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மூக்கின் மேல் விரலால் லேசாக அழுத்தி எடுத்தார். பிறகு நெஞ்சில், வயிற்றில், தொடையில். “அம்மாவுக்கு என்ன பிளட் குரூப்?” என்றார். ஓ பாசிட்டிவ். “இருங்க, ஒரு டெஸ்ட் பாத்துட்டுப் போலாம்.” எங்கம்மா, “நம்ம வீட்ல எல்லாப் பிள்ளைக்கும்தான் மஞ்சள் வந்துச்சு, காலை வெயில்ல காட்டுனா போயிடும்” என்றார். டெஸ்ட்டில் அளவு அதிகமாக வந்தது. இரண்டு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு நீல விளக்கின் கீழ் கிடந்தான்.

அந்த நர்ஸ் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. ஜன்னலுக்குக் கொண்டுபோனது, அறையின் விளக்கு நிறத்தை ஏமாற்றும் என்பதால். விரலால் அழுத்தியது, அந்த இடத்து ரத்தம் ஒரு நொடி விலகும்போது தோலின் அடிநிறம் தெரியும் என்பதால். நம்மைப்போன்ற மாநிறத் தோலில் மஞ்சளை மேம்போக்காகப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. முகத்தில் தொடங்கிக் கால்வரை பார்த்ததற்குப் பின்னால் 1969இல் க்ரேமர் என்பவர் எழுதிய ஆய்வு இருக்கிறது (ரோச்ஃபோர்ட் க்ரீமர் வேறு). மஞ்சள் தலையில் தொடங்கிக் கீழே இறங்கும், எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு அளவு கூடியிருக்கிறது என்று அவர் உடம்பை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். உள்ளங்கையும் பாதமும் மஞ்சளானால் ஆபத்து. ரத்த வகையைக் கேட்டதும் சும்மா அல்ல. தாய் ஓ வகை, குழந்தை ஏ அல்லது பி வகை என்றால், தாயின் எதிர்ப்புப் பொருட்கள் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்க வாய்ப்புண்டு.

பிறந்து எத்தனை மணி நேரம் என்பதும் முக்கியம். சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது உடனே பிடிபடும். ஒரு எண்ணை மட்டும் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று சொல்ல முடியாது, அது எந்த நேரத்து எண் என்று தெரியவேண்டும். பிலிருபின் 10 என்பது நான்காம் நாளில் பெரிய கவலை இல்லை. பிறந்து 20 மணி நேரத்தில் என்றால் அது அலாரம். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலே காரணம் தேடவேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் அடிப்படைப் பாடம். வினோத் பூட்டானியும் சக ஆய்வாளர்களும் 1999இல் மணிக்கணக்கு வாரியாக வரைபடமே போட்டுக் கொடுத்தார்கள்.

சரி, அப்படியானால் அனுபவமுள்ள கண் போதுமா? அந்தக் கேள்விக்கு அதே காலத்திலிருந்து இன்னொரு கதை இருக்கிறது.

1940களில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வை இழந்தார்கள். 1954 வரைக்குமான பத்துப் பன்னிரண்டு வருஷங்களில் உலகம் முழுக்க ஏறத்தாழ 10,000 குழந்தைகள். 1950இல் குறைமாதமாகப் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். இன்குபேட்டரில் தாராளமாகக் கொடுக்கும் ஆக்சிஜன்தான் காரணமோ என்று வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் என்ற இளம் கண் மருத்துவர் சந்தேகப்பட்டார். சோதிக்க, ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்தார். இரவுப்பணி நர்ஸ்கள் சிலரால் அதைத் தாங்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு மூச்சுக் காற்றை மறுக்கிறார்களே என்று, யாருக்கும் தெரியாமல் ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள். அத்தனையும் பாசத்தால் செய்தது. ஆனால் பாட்ஸின் சந்தேகம்தான் சரி. 18 மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வு 1954இல் அதை உறுதிசெய்தது. அதன் பிறகு எல்லா இடத்திலும் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்ததில் மூச்சுத்திணறி இறந்த குழந்தைகளும் உண்டு. அது இன்னொரு துயரம்.

முற்றத்துக்குக் குழந்தைகளைக் கொண்டுபோன சிஸ்டரும், இரவில் ஆக்சிஜனைத் திறந்துவிட்ட நர்ஸ்களும் டாக்டருக்குத் தெரியாமல்தான் செய்தார்கள். இருவருக்கும் இருந்தது குழந்தை பிழைக்கவேண்டும் என்கிற ஒரே தவிப்பு. ஒருவர் கை உலகத்துக்கு ஒரு சிகிச்சையைத் தந்தது, மற்றவர்கள் கை குழந்தைகளின் கண்ணுக்கு ஆபத்தாக இருந்தது. எனக்குத் தெரிகிற ஒரு வித்தியாசம், சிஸ்டர் வார்ட் தான் பார்த்ததை அத்தனை பேர் முன்னால், தயக்கத்தோடுதான் என்றாலும், காட்டிவிட்டார். காட்டியதால் அதை அளந்து பார்க்க முடிந்தது. இரவு நர்ஸ்கள் தங்கள் பயத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். ரவுண்ட்ஸில் ஒரு நர்ஸ் வாயைத் திறப்பதற்கு அன்றைக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பதற்கு ரோச்ஃபோர்ட் சிஸ்டரின் சங்கடமே சாட்சி.

அந்த முக்கோணம் கண்ணின் எல்லையையும் காட்டுகிறது. ஒளி பட்ட தோல் முதலில் வெளுத்துவிடும், ரத்தத்தில் மஞ்சள் அதற்குப் பிறகும் இருக்கும். அதனால்தான் நீல விளக்கின் கீழ் இருக்கும் குழந்தையைத் தோலின் நிறத்தைப் பார்த்து மதிப்பிடக் கூடாது, ரத்தத்தில் அளக்கவேண்டும் என்று செவிலியர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். தோலின் மேல் வைத்து அளக்கும் கருவியைப் பயன்படுத்தும் சில இடங்களில், தோலின் ஒரு சின்னப் பகுதியை ஒளி படாமல் முதலிலேயே மூடி வைத்து, பிறகு அங்கே அளப்பார்கள். 1956இல் தற்செயலாகக் கிடந்த போர்வை முனையை இன்று வேண்டுமென்றே வைக்கிறார்கள்.

அப்படியென்றால் எங்கம்மா சொன்ன காலை வெயில்? வெயிலில் அந்த நீல ஒளி இருக்கிறது என்பது உண்மைதான். கூடவே தோலைச் சுடும் புற ஊதாவும், சின்ன உடம்பைக் கொதிக்கவைக்கும் வெப்பமும் இருக்கின்றன. ஐந்து நிமிஷம் காட்டிவிட்டு ‘குறைஞ்சிருக்கு’ என்று சொல்லும்போது, குறைந்தது தோலின் நிறமா ரத்தத்தின் அளவா என்று தெரியாது. காத்திருந்த அந்த ஒரு நாளில் மூளைக்கு ஆபத்து வந்துவிடலாம். அதனால்தான் வெயிலை நம்பி வீட்டிலேயே இருக்காதீர்கள் என்கிறார்கள்.

ஆனால் கதை வெயிலை முழுசாகக் கைவிடவில்லை. மின்சாரம் நிலையில்லாத, நல்ல விளக்குகள் கிடைக்காத ஊர்களில் என்ன செய்வது? நைஜீரியாவின் லாகோஸில் டினா ஸ்லஷரும் சக மருத்துவர்களும் ஒரு பந்தல் போட்டார்கள். புற ஊதாவையும் வெப்பத்தில் பெரும்பகுதியையும் வடிகட்டி, நீல ஒளியை உள்ளே விடுகிற படலம் போர்த்திய பந்தல். குழந்தைகள் அதன் கீழே. உடம்புச் சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பக்கத்திலேயே இருந்து கண்காணிக்கிறார்கள். 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவுகள் வந்தன. வடிகட்டிய வெயில் மின்விளக்குச் சிகிச்சைக்குச் சளைத்ததாக இல்லை.

ரோச்ஃபோர்டில் ரவுண்ட்ஸுக்கு முன்னால் அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு வரவேண்டியிருந்த தொட்டில்கள், லாகோஸில் டாக்டர்களின் கண்முன்னாலேயே முற்றத்தில் கிடந்தன. இடையில் ஏறத்தாழ 60 வருஷம். உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு நர்ஸ் ஜன்னலோரம் கொண்டுபோய்த் துணியை விலக்கிப் பார்த்தால், டிஸ்சார்ஜ் அவசரத்தில் கொஞ்சம் பொறுங்கள். “என்ன பாக்குறீங்க சிஸ்டர்?” என்று கேளுங்கள். அவர் சொல்வார்.