வெண்ணரம்பும் நீலச்சாயமும்

ஓசூரை விட்டு நீங்கும் நெடுஞ்சாலை, ஜூஜூவாடியில் தமிழகத்தின் எல்லையைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் நகரினுள் புகுந்த பின்னரும், ஓசூர் சாலை என்ற தன் பெயரை விடாமல் கொண்டு செல்கிறது. அச்சாலையின் ஓரத்தில், ஓசூருக்கு 40 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், 1954-ஆம் ஆண்டில் அகில இந்திய மனநல ஸ்தாபனமாகத் தொடங்கி, 1974-இல் மைசூர் அரசினர் மனநோய் மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் என்று பெயர் பெற்ற மருத்துவ நிலையம் இருக்கிறது. ஓசூர்த் தொழிற்கூடங்களில் உழைப்பவர்க்கும் கிருஷ்ணகிரிச் சீமையின் உழவர்க்கும் மூளையிலோ தண்டுவடத்திலோ கொடிய பிணி நேருங்கால் முதலில் நினைவுக்கு வரும் இடங்களுள் அது ஒன்று. அத்தகைய நிலையங்களின் நரம்பு நோயியல் கூடத்தில், கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய மெல்லிய மூளைச் சீவலுக்கு நீலச்சாயம் ஏற்றும் காரியம் பார்வைக்குச் சிறியதே. எனினும் அதன் சரித்திரம், நம் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்கள் அறிந்திருந்த ஒரு தத்துவத்தோடு நெருங்கிய உறவுடையது.

நரம்பிழைகளைப் படலம் படலமாகச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சத்து மிக்க உறைக்கு, 1854-இல், மையலின் என்று பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ஷோ. நரம்பின் வழியே செய்தி விரைந்து ஓடுவதும், மூளையின் உட்பகுதி வெண்மையாகத் தோன்றுவதும் அவ்வுறையால்தான். ஆனால் அதே மூளையை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாலோ, வெண்பகுதி எது, சாம்பல்நிறப் பகுதி எது என்ற பேதம் மறைந்து, யாவும் நிறமற்ற ஒரே படலமாகிவிடும். ஆகவே சாயம் இன்றியமையாததாயிற்று.

சாயத்தின் இயல்பை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். இம்பூறல் என்னும் செடியின் சாயவேரைக் கொண்டு பருத்தித் துணிக்குச் செந்நிறம் ஏற்றியவர்கள், முதலில் படிக்காரக் கரைசலால் துணியில் பூவும் கொடியும் எழுதி, பின்னர்த் துணி முழுவதையும் சாயத்தில் காய்ச்சி, நீரில் அலசி வெயிலில் உலர்த்துவார்கள். படிக்காரம் படிந்த இடத்தில் சிவப்பு நிலைத்து நிற்க, படியாத இடத்தில் ஏறிய சாயமெல்லாம் மெல்ல மெல்லக் கழன்று போய்விடும். இழையையும் சாயத்தையும் இவ்வாறு பிணைக்கும் பொருளை இன்று நிறமூன்றி என்கிறோம். சாயத்தை ஏற்றுவது பாதி வித்தை. வேண்டாத இடத்திலிருந்து அதை இறக்குவது மறுபாதி.

1884-இல் ஜெர்மனியில் கார்ல் வைகர்ட் வகுத்த முறைக்கு ஆதாரமாய் நின்றதும் இத்தத்துவமே. மூளைத் துண்டை வாரக்கணக்கில் டைக்ரோமேட் கரைசலில் ஊறவைத்தார். அதிலிருந்த குரோமியம் மையலினைப் பற்றிக்கொண்டு நிறமூன்றியாயிற்று. மெக்ஸிகோ நாட்டில் வளரும் காம்பெச்சி மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பதும், ஐரோப்பியச் சாயத்தொழிலாளர்கள் கம்பளிக்கும் பட்டுக்கும் கருநிறம் ஏற்றக் கையாண்டதுமான ஹெமடாக்ஸிலினை அதன்மேல் ஏற்றி, வெண்காரமும் ஃபெர்ரிசயனைடும் கலந்த நீரில் அலசினார். மற்றவையெல்லாம் வெளிற, மையலின் மாத்திரம் கருநீலமாக நின்றது. தண்டுவடத்திலிருந்து மூளைக்கு ஏறும் கற்றைகளையும், மூளையிலிருந்து இறங்கும் கற்றைகளையும் அறிஞர்கள் பிரத்தியட்சமாகக் கண்டு வரைவதற்கு அது வழி திறந்தது.

அதற்கு அடுத்த படி, எதிர்பாராத விதமாக, ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில், எனாமல் பூச்சுச் சிதைந்திருந்த இரும்புக் கலம் ஒன்றில், வெண்ணிறமாகத் திரண்டிருக்க வேண்டிய பொருளிடையே நீலப் பசுமை வாய்ந்த கசடு தென்பட்டது. அதை மாசென்று எறிந்துவிடாமல் ஆராய்ந்ததன் பயனாகத் தாலோசயனின் என்னும் சாயக் குடும்பம் உலகுக்குத் தெரியலாயிற்று. சிகாகோ சர்வகலாசாலையில் ஹைன்ரிஹ் குளூவர், மூளையின் வெண்பகுதியில் போர்ஃபிரின் என்ற பொருள் இருத்தலைக் கவனித்து, அமைப்பில் அதை ஒத்த இச்சாயங்களைச் சோதித்து, எலிசபெத் பரேராவுடன் சேர்ந்து 1953-இல் லக்ஸால் ஃபாஸ்ட் புளூ முறையை வெளியிட்டார். செம்பை நடுவிற் கொண்ட அச்சாயம், பார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதிந்த சாதாரணச் சீவலிலேயே பற்றியதால், உலகெங்கும் பரவிற்று.

ஓசூர் வட்டாரத்தில் மல்பெரி பயிரிட்டு விளைவிக்கும் பட்டுக்கூட்டின் இழை, பசை நீக்கிய பின்னரே சாயத்தை நன்கு ஏற்பதுபோல், மூளைச் சீவலும் மெழுகு நீக்கிய பின்னரே ஏற்கிறது. சுமார் 60 பாகைச் சூட்டில் இரவு முழுவதும் சாயத்தில் கிடந்து, காலையில் முற்றிலும் நீலமாக வெளிவரும் அச்சீவலை, லித்தியம் கார்பனேட் கரைசலில் சில விநாடிகளும், பின் நீர் கலந்த ஆல்கஹாலிலும் நனைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, மீண்டும் நனைத்து, சாம்பல்நிறப் பகுதி தெளிந்து வெண்பகுதி நீலமாய் நிற்கும் அந்தக் கணத்தில் நிறுத்துவது கண்ணாலும் கையாலும் பழகியே வரவேண்டிய வித்தை. சற்று அதிகம் அலசினால் நல்ல நரம்பும் நோயுற்றதுபோல் வெளிறும். சற்றுக் குறைவாக அலசினால் நோய் நீலத்தினுள் மறையும்.

ஏனெனில் இங்கே சாயம் நிற்காத இடமே பேசுகிறது. மையலின் அழியும் நோயில் நீலப்பரப்பின் நடுவே வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. பி12 உயிர்ச்சத்து நெடுநாள் குறைந்த ஒருவரின் தண்டுவடத்தில் பின்புறக் கற்றைகளும் பக்கக் கற்றைகளும் நிறமிழந்து கிடக்கின்றன. அவர் கால்கள் தள்ளாடியதற்கும், கண்ணை மூடினால் நிற்க இயலாமற் போனதற்கும் காரணம் அந்த வெளிறலில் எழுதப்பட்டிருக்கிறது.

நோயை அறிய நோயற்ற மூளையும் ஒப்பீட்டுக்கு வேண்டும். 1995-இல் டாக்டர் எஸ். கே. சங்கரின் முயற்சியால் நிம்ஹான்ஸில் அமைந்த மூளைத்திசுக் களஞ்சியத்துக்கு, அத்தகைய மூளைகள் பெரும்பாலும் சாலை விபத்தில் மாண்டவர்களிடமிருந்து, உறவினரின் இசைவோடு வந்து சேர்கின்றன. அழுகை ஓயாத வேளையில், முன்பின் அறியாத பிணியாளருக்காக ஒரு குடும்பம் இசையும் அத்தானத்துக்குக் கைம்மாறு ஒன்றே உண்டு: அச்சீவலுக்குச் சாயம் ஏற்றுபவர், அதைப் பிழையின்றி அலசி எடுப்பது.